முனியாண்டியைத் தாண்ட மாட்டேன்

எங்கள் வெஸ்ட்மூர் தேயிலைத் தோட்டத்தில் சண்டையே நடந்தது கிடையாது. இதை நான் சொல்லவில்லை. சமாதானக் குழுவின் தலைவரும் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிறவருமான கந்தசாமி கிராணி ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். சொல்லிவிட்டுத் தன் கறுப்புக் குடையை மேசையின் குறுக்கே வைப்பார். குடை மேசைக்கு வந்துவிட்டால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யார் குரலை உயர்த்தினாலும் அவர் சமாதானத்தின் எதிரி.

எழுபதுகளின் தொடக்கத்தில் குழாயடியில் இரண்டு பெண்கள் வாளியால் அடித்துக்கொண்டார்கள். அதை விசாரிக்கத்தான் குழு அமைந்தது. அந்தப் பெண்கள் மறுநாளே ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். குழு மட்டும் கலையவில்லை. செயலாளராகத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் தங்கையா வந்தார், துணைத் தலைவராக ராதாகிருஷ்ணன் கங்காணி வந்தார். பிஸ்கட்டும் வந்தது. சமாதானம் என்று ஒன்று எங்களுக்கு வாய்த்தது இப்படித்தான்.

தோட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். மேட்டில் ராதாகிருஷ்ணன் கங்காணியின் வீடு. அதற்குக் கீழே ஆஸ்பத்திரி. அதற்கும் கீழே கந்தசாமி கிராணியின் வீடும், கண்காட்சியில் பரிசு வாங்கிய அவருடைய பூந்தோட்டமும். அப்புறம் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயன்கள். லயன்களுக்குக் கீழே ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவு. ஓடையோர நிலம் தோட்டத்து வரைபடத்தில் கிடையாது. காட்டை வெட்டித் திருத்தியவனுக்கு அது சொந்தம் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது.

கடைசித் துண்டு, ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவோடு சேர்த்து, இருளப்பனுடையது. இருளப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் மனைவி வேலாயி கூடையோடு மலைச்சரிவில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபின் கொழுந்தெடுக்கப் போவதில்லை. அந்தத் துண்டில் போட்ட பீன்ஸும், கொட்டகையில் நின்ற இரண்டு மாடுகளும்தான் அந்த வீட்டில் பாதி அடுப்பை எரித்தன. அதை விட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். குழுவிடம் இதைச் சொல்லப் பலமுறை முயன்றார்கள், நேரம் போதவில்லை.

சரிவின் கோடியில் ஒரு மரத்தடியில் எங்கள் எல்லைச்சாமி முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். ஒரு ஆள் தோளில் தூக்கிவிடலாம். கடைசித் துண்டுக்காரன்தான் அவருக்கு விளக்கு வைக்க வேண்டும், திருவிழாவுக்குக் கிடாயும் கொடுக்க வேண்டும். இருளப்பன் இரண்டையும் முகம் சுளிக்காமல் செய்துவந்தான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் பள்ளத்தாக்கான லெம்பா பெர்த்தாமிலிருந்து ரெங்கசாமி வந்தார். கோபிஸ் என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் பயிர், இரண்டு லோரி, கையில் தங்கக் கடிகாரம். அவருக்குச் சரிவு வேண்டும். நேராகக் கேட்டிருந்தால் நாங்கள் நேராக மறுத்திருப்போம். அவர் அப்படிக் கேட்கவில்லை. கீழ் லயனில் தன் மனைவி வழிச் சொந்தக்காரர்கள் இரண்டு குடும்பம் இருப்பதாகவும், அவர்கள் அங்கே நாளும் வேதனைப்படுவதாகவும் சொல்லி அனுப்பினார். குழாயடியில் அவர்களுக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். இருளப்பனின் மாடு அவர்கள் பிள்ளையை முறைத்ததாம்.

குழு உடனே விசாரணையில் இறங்கியது. சொந்தக்காரக் குடும்பங்களைக் கேட்டபோது, அப்படி ஒன்றும் இல்லையே என்றார்கள். அவர்கள் பயத்தில் பேசுகிறார்கள் என்று குறிக்கப்பட்டது. பிறகு குழு மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றது. மாடு குழுவையும் முறைத்தது. புகாரில் உண்மை இருப்பதாக முடிவானது.

சரிவைக் கொடுத்துவிட்டால் மாடு எங்கே மேயும் என்று இருளப்பன் கேட்டான். அதற்குக் கந்தசாமி கிராணி எழுந்து நின்று பதில் சொன்னார்.

"எங்கப்பா சண்டைக் காலத்துல சயாம் ரயில்பாதை போடப் போனவரு. திரும்பி வரல. சண்டைன்னா என்னான்னு இந்தத் தோட்டத்துல என்னை விட யாருக்குத் தெரியும்? அந்தக் கஷ்டம் இன்னொருத்தனுக்கு வரக்கூடாதுன்னா நான் எதை வேணும்னாலும் விட்டுக் கொடுப்பேன். அந்தச் சரிவு என்னோடதா இருந்தா இன்னும் யோசிச்சிருப்பேன். இருளப்பனோடதுங்கிறதால யோசிக்கக்கூட இல்ல."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இருளப்பனும் தட்டினான். எல்லோரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்தானாம்.

சரிவு போனால் முனியாண்டி எங்கே நிற்பார் என்ற கேள்வி வந்தது. எல்லைச்சாமி எல்லையில்தானே நிற்க வேண்டும். எனவே மேளதாளத்தோடு அவரை ஓடைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தோம். ஒரு ஆள் தூக்குகிற கல்லை நான்கு பேர் பல்லக்கில் சுமந்தார்கள். இருளப்பனின் கிடாயை வெட்டினோம். ரெங்கசாமி வந்து சாமி முன்னால் நின்றார். கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்.

"சாமி நிக்கிற எடத்தத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேன். முனியாண்டி மேல ஆணை."

எங்களுக்கு மெய் சிலிர்த்தது. கந்தசாமி கிராணிக்கு அவர் ஒரு ஆளுயர மாலை போட்டார். மாலை நம் கழுத்தில் விழுந்ததால் ஜெயித்தது நாம்தான் என்று டிரெசர் தங்கையா விளக்கினார். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. மாலை யார் கழுத்தில் என்று பார்ப்பார்களே தவிர, நிலம் யார் காலடியில் என்று பார்க்க மாட்டார்கள்.

கோபிஸ் ஒரு அறுப்பு முடிந்தது. லோரி திரும்ப இடம் போதவில்லை என்று ரெங்கசாமி ஆள் அனுப்பினார். ஓடைக்கு இந்தப் பக்கம் இருளப்பனின் பீன்ஸ் துண்டு இருந்தால் சௌகரியமாக இருக்குமாம். ஆனால் அவர் சத்தியம் செய்திருக்கிறாரே. சாமியைத் தாண்டக் கூடாதே. நான் என்ன செய்யட்டும், பெரியவர்கள் நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் என்று மனம் நொந்து கேட்டிருந்தார்.

குழு நெகிழ்ந்துபோனது. எப்பேர்ப்பட்ட பக்திமான், மீற நினைப்பவன் நம்மிடம் கேட்டுக்கொண்டா இருப்பான் என்று கந்தசாமி கிராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆபத்தை விளக்கினார். ரெங்கசாமி சத்தியத்தை மீறினால் முனியாண்டிக்குக் கோபம் வரும். முனியாண்டிக்குக் கோபம் வந்தால் தோட்டம் முழுக்க நோய் வரும். எனவே அவர் சத்தியத்தை மீறாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அவர் கால் வைப்பதற்கு முன்னால் நாம் சாமியை நகர்த்திவிட வேண்டும்.

பள்ளிக்கூட வாத்தியார் விஜயன் மட்டும் எழுந்தார். நாற்பது வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் பெரிய தலைவர்கள் ஒன்றுகூடி இதையேதான் செய்தார்கள், அடுத்தவன் நாட்டை வெட்டிக் கொடுத்துவிட்டுச் சமாதானம் என்று ஊர் திரும்பினார்கள், ஒரு வருஷத்துக்குள் உலகமே எரிந்தது, தலைவரின் தகப்பனார் சயாமுக்குப் போனதும் அதே தீயில்தான் என்றார். கந்தசாமி கிராணி பொறுமையாகக் கேட்டார். அது குளிர்ப் பிரதேசம், அங்கே மனிதர்கள் சட்டென்று கோபப்படுவார்கள் என்று பதில் சொன்னார். வெளியே மூடுபனியில் எதிர் லயன் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை மாட்டியிருந்தோம்.

பேச்சுவார்த்தை பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் நடந்தது. குழு தோட்டத்து லோரியில் போனது. நிலத்துக்காரன் என்பதால் இருளப்பனையும் ஏற்றிக்கொண்டார்கள். அவன் பெட்டியிலிருந்து நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தான். ஹோட்டல் வாசலில் அவனும் இறங்கப் போனபோது கந்தசாமி கிராணி குடையால் தடுத்தார்.

"நீ இங்கேயே இருப்பா. உன் விஷயம்தான் பேசப் போறோம். நீ இருந்தா எப்படிப் பேச முடியும்?"

இருளப்பனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. லோரியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தான். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே அவர்கள் சிரிப்பது தெரிந்தது, கோழி வருவது தெரிந்தது. யாரோ மேசைமேல் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள். அதில் எது தன் பீன்ஸ் என்று அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வெளியே வந்தபோது தலைவர் கழுத்தில் மாலை இருந்தது. டிரெசர் தங்கையா மறக்காமல், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது.

லோரி லயனுக்கு வந்ததும் கந்தசாமி கிராணி பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, நம் பிள்ளைகள் காலம்வரைக்கும் இனிச் சமாதானம்தான் என்று அறிவித்தார். பட்டாசு வெடித்தோம். முனியாண்டி பீன்ஸ் துண்டைக் கடந்து மாட்டுக் கொட்டகை ஓரமாகப் போய்ச் சேர்ந்தார். ரெங்கசாமி மறுபடி கற்பூரம் அணைத்தார். மறுபடி கிடாய். இந்தத் தடவை இருளப்பனிடம் கிடாய் இல்லை, கன்றுக்குட்டியைக் கொடுத்து ஒரு கிடாய் மாற்றிக்கொண்டு வந்தான்.

தோட்டத் துரையிடம் போகலாம் என்று வேலாயி சொன்னாள். இருவரும் போனார்கள். துரை நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். அது தன் வரைபடத்தில் இல்லாத நிலம் என்றார். இதற்கென்றே உங்களிடம் ஒரு குழு இருக்கிறதே, எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று பாராட்டி அனுப்பினார்.

மூன்றாவதாகக் கொட்டகை. அதற்குப் பேச்சுவார்த்தைகூட நடக்கவில்லை. ரெங்கசாமி ஆள் அனுப்பப் போகிறார் என்று கேள்விப்பட்ட உடனேயே குழு சாமியை நகர்த்திவிட்டது. கேட்டபின் கொடுப்பது பலவீனம், கேட்பதற்கு முன் கொடுப்பதுதான் ராஜதந்திரம் என்றார் தலைவர். கீழ் லயனில் இருளப்பன் வீட்டு வாசற்படியில் முனியாண்டி வந்து அமர்ந்தார். சாமியே வீடு தேடி வந்திருக்கிறது, உனக்கென்ன குறை என்று எல்லோரும் அவனைக் கேட்டார்கள். மாடுகளைப் பிரிஞ்சாங் இறைச்சிக்கடைக்காரன் ஓட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு வேலாயி சமைக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, காலிப் பால்வாளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இருளப்பன் ஒரு காரியம் செய்தான். சத்தியம் என்றால் சத்தியம் என்று நம்பிய ஒரே ஆள் அவன்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கல்லைத் தோளில் தூக்கினான். சூலத்தைக் கையில் பிடித்தான். கொட்டகையைத் தாண்டி, பீன்ஸ் துண்டைத் தாண்டி, ஓடையில் இறங்கி ஏறி, கோபிஸ் பாத்திகளுக்கு நடுவே நடந்து, பழைய மரத்தடியில் கொண்டுபோய் வைத்தான். விளக்கும் ஏற்றினான். பிறகு வேலை செய்துகொண்டிருந்த ரெங்கசாமியின் ஆட்களைப் பார்த்து, சாமி இங்கே இருக்கிறது, இதைத் தாண்டி இருக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போங்கள் என்று பணிவாகச் சொன்னான்.

அவர்கள் சாமியைத் தொடவில்லை. பக்தி உள்ளவர்கள். இருளப்பனைத் தொட்டார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது, விலா எலும்பு ஒன்று போனது.

இது சண்டைதானே என்று விஜயன் வாத்தியார் கேட்டார். இல்லை என்று குழு அறிக்கை விட்டது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும், இங்கே ஒரு பக்கம்தான் அடித்திருக்கிறது, ஆகவே தோட்டத்தில் இன்றுவரை சண்டையே நடக்கவில்லை. இருந்தாலும் இருளப்பனின் செயலைக் குழு கடுமையாகக் கண்டித்தது. எங்கள் குழு ஒரு ஆளைக் கடுமையாகக் கண்டித்தது அதுவே முதல் தடவை. அவர்களுக்கும் கடுமை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். நான்கு பேர் போய் ரெங்கசாமியிடம் மன்னிப்புக் கேட்டு, சாமியை மறுபடி இருளப்பன் வாசலுக்கே கொண்டுவந்தார்கள்.

ரெங்கசாமி பெருந்தன்மையானவர். ஒரு ஹார்லிக்ஸ் குப்பியோடு தோட்ட ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வந்தார். வந்த இடத்தில், கீழ் லயனின் கடைசி நான்கு வீடுகள் இருக்கும் இடம் கோபிஸ் அடுக்கத் தோதாக இருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். நான்கில் ஒன்று இருளப்பன் வீடு. குழு அங்கேயே கூடியது. குடை, மருந்து மேசையின் குறுக்கே வந்தது. லயன் தோட்டத்து நிலம் என்பதால் துரை முன்பே கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருந்தார், கீழ் லயன் பழசு, இடிக்கத்தான் போகிறோம், யார் வைத்துக்கொண்டாலும் சரி என்று பதில் வந்திருந்தது. கையைக் கட்டிப் படுத்திருந்த இருளப்பன் தலையைத் தூக்கி என்னவோ சொல்ல வாயெடுத்தான். கந்தசாமி கிராணி டிரெசரைப் பார்த்தார். டிரெசர் தங்கையாவும் ஓர் ஆளும் சேர்ந்து கட்டிலை உருட்டி வெளித் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சாரல் அடித்தது. வேலாயி தன் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"உள்ள என்னா பேசுறாங்க?" என்று கேட்டாள்.

"நம்ம விஷயம்தான்" என்றான் இருளப்பன்.

வேலாயி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழ் லயனுக்கு இறங்கிப் போனாள். திரும்பி வர நெடுநேரமானது. நாலடி வைப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாக, முனியாண்டியை மாரோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக் கதவுக்கு நேரே, வாசற்படியில் இறக்கி வைத்தாள். அதன்பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பேசி முடித்துக் கதவைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வாசலில் சாமி. அதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த ரெங்கசாமி உள்ளே. ராதாகிருஷ்ணன் கங்காணி குனிந்து கல்லை ஓரமாக நகர்த்தப் போனார். வேலாயி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். இடுப்பு ஒடிந்த பொம்பளையிடம் சண்டைக்குப் போவது சமாதானக் குழுவுக்கு அழகில்லை. குழு கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஜன்னல் திறந்தது. முதலில் குடை வந்தது. பிறகு மாலையோடு தலைவர் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரெங்கசாமி இறங்கினார். சத்தியம் மீறப்படவில்லை.

கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்த ரெங்கசாமி, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சாமியைப் பார்த்தார். பிறகு அங்கிருந்து கீழே பார்த்தார். கிராணியின் வீடு, பூந்தோட்டம், லயன்கள், ஓடை என்று எல்லாமே சாமிக்கு அந்தப் பக்கம் இருந்தன.

"எல்லை ரொம்ப மேல வந்துருச்சு போல" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் லோரியில் ஏறினார்.

கந்தசாமி கிராணிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. வேலாயியிடம் ஓடிவந்து, கல்லை எடும்மா, எடுத்துக் கீழேயே வைத்துவிடு என்றார். குரல் உயர்ந்திருந்தது.

"இத்தனை நாளா நீங்க நகத்துனீங்க, நாங்க பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள் வேலாயி. "இன்னிக்கு ஒரு தடவ நான் நகத்தியிருக்கேன். என் வீடு எப்படியும் போச்சு. நீங்களும் கொஞ்சம் பாருங்க."

மறுநாள் காலையில் பூந்தோட்டத்துச் செவந்திக்கு நடுவே கோபிஸ்காரரின் முளைக்குச்சிகள் நின்றன. கந்தசாமி கிராணி மணியடித்துக் கூட்டம் போட்டார். ஓர் அங்குலமும் விடக் கூடாது, ஆண்பிள்ளைகள் எல்லோரும் கவ்வாத்துக் கத்தியோடு வாருங்கள், செத்தாலும் மானத்தோடு சாவோம் என்று கண் சிவக்க முழங்கினார். ராதாகிருஷ்ணன் கங்காணி எழுந்தார். அவர் வீடு ஆஸ்பத்திரிக்கு மேலே என்று முன்பே சொன்னேன். தலைவர் குரலை உயர்த்தியதால் சமாதானத்தின் எதிரி ஆகிவிட்டார் என்று வருத்தத்தோடு அறிவித்துவிட்டு, மேசைமேல் இருந்த குடையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, குடை அவருக்கும் பொருந்தியது.

கடைசியில் சண்டை வராமலா போயிற்று? வந்தது. ஆடி மாதத்தில், இனிக் கொடுக்க மேட்டைத் தவிர எதுவும் இல்லை என்ற நிலையில், நின்று அடிக்கக் காலடியில் நிலம் இல்லாதவர்கள் கத்தியை எடுத்தார்கள். எத்தனை பேர் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், யார் திரும்பவில்லை என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது அதற்குச் சில வாரம் முன்னால், பிரிஞ்சாங்கில் புதிய குழு பேச்சுவார்த்தைக்குப் போன அந்த நாள்தான்.

இருளப்பனும் வேலாயியும் அதற்குள் பிரிஞ்சாங்குக்கே குடிவந்திருந்தார்கள். முறிந்த கை சரியாகக் கூடவில்லை, கவ்வாத்துக் கத்தி பிடிக்க முடியாது. காய்கறிக் கொட்டகையில் கோபிஸுக்கு மேல் இலை உரிக்கிற வேலை. ரெங்கசாமியின் கோபிஸ்தான். அன்றைக்கு நல்ல மழை. ஹோட்டல் வாசலில் தோட்டத்து லோரி நின்றது. பின்பக்கத்தில், குடைகூட இல்லாமல், நல்ல சட்டை நனைய ஒரு மனிதர் உட்கார்ந்து கண்ணாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருளப்பன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனான்.

"உள்ள என்னப்பா பேசுறாங்க, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் கந்தசாமி கிராணி.

"உங்க விஷயம்தாங்க" என்றான் இருளப்பன்.

அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். சாக்கில் பாதியை அவர் தலைக்கும் இழுத்துவிட்டான். அதை நான் எதிர்க் கடையில் நின்று பார்த்தேன், எனக்கு இன்றுவரை அது பொறுக்கவில்லை. உள்ளே யாரோ உப்புக் குப்பியை நகர்த்தி வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கறிபாப் வரும் என்று இருளப்பன் அவருக்குச் சொன்னான்.